நான்கு மாதத்திற்குள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறாள். மற்ற செய்திகள் பிறகு. மாப்பிள்ளையின் அண்ணன் தன் மனையை உங்களுக்கு விற்பதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தப் பத்திரத்தைப் பற்றித் தொலைபேசியில் நான் வாயெடுத்தாலே நீ பேரனிடம் கொடுத்துவிடுகிறாய். அவனோடு பேசுவது எனக்குச் சந்தோஷம்தான் என்றாலும், இது அவனிடம் கேட்கக்கூடிய விஷயம் அல்ல. மாப்பிள்ளை இக்கடிதத்தைப் படித்தாலும் தவறில்லை. முதலில் நீ படி.

மாப்பிள்ளையின் அண்ணனைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் குறைவாகச் சொல்லவில்லை. உன் கல்யாணத்தின் போது கடைசிப் பந்திவரை நின்று கவனித்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஆள் நல்லவர் என்பது வேறு, பத்திரம் சரியாக இருக்கிறது என்பது வேறு. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சர்வே எண் இருக்கிறது, அதற்குள் எந்தத் துண்டு என்று காட்டும் உட்பிரிவு எண் இல்லை. கிரயம், அதாவது விற்பனை, முடிக்கக் கெடு எதுவும் குறிக்காமல் ‘இரு தரப்பாரும் சம்மதிக்கும் நாளில்’ என்று எழுதியிருக்கிறார்கள். சாட்சிகள் இருவரும் அந்த வீட்டு மனிதர்களே. தாள்களின் பின்புறத்தில் முத்திரைத்தாள் விற்றவரின் முத்திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. பதிவான பத்திரமாக இருந்தால் ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஆவண எண், ஆண்டு, மொத்தம் எத்தனை தாள், அது எத்தனையாவது தாள் என்றெல்லாம் குறித்துச் சார்பதிவாளர் கையொப்பமிட்டிருப்பார். ஆயுள் முழுவதும் பத்திரம் எழுதிச் சம்பாதித்தே உன்னைப் படிக்கவைத்தவன் நான். அந்தப் பின்பக்கத்தைத்தான் என் கண் முதலில் தேடும்.

நோட்டரி முத்திரை இருக்கிறதே என்று அன்று சொன்னாய். நோட்டரி வழக்கறிஞர், கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று சான்று சொல்வார். அதோடு அவர் வேலை முடிந்தது. அந்தப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தின் எந்தப் புத்தகத்திலும் ஏறாது, ஒரு சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் வராது. நாளை அதே மனையை வேறொருவர் வாங்க நினைத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால், உங்கள் ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியாமல், நல்லெண்ணத்தோடு, பணம் கொடுத்துக் கிரயம் பெற்றவரைச் சட்டம் காப்பாற்றும். உங்களிடம் இருப்பது மூத்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையாக மட்டும் சுருங்கிவிடும். பதிவாகியிருந்தால் ‘எனக்குத் தெரியாது’ என்று அந்த மூன்றாம் மனிதரால் சொல்ல முடியாது. பதிவே ஊரறியக் கொடுத்த அறிவிப்பாகக் கொள்ளப்படும். மூத்தவர் விற்பார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் இருக்கலாம், நாளை வாரிசுகள் இருப்பார்கள். பெரிய அத்தை வீட்டில் நடந்ததை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் தகராறு ஆரம்பித்தது கையெழுத்துப் போட்டவர் காலமான பிறகுதான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு யாரோ சொன்னதாக நீ சொன்ன தீர்ப்பும் எனக்குத் தெரியும். பதியாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம், நம் மாநிலத்து வழக்கொன்றிலேயே சொன்னது உண்மை. ஆனால் அதன் பொருள், வழக்குப் போட்டால் அந்தத் தாளைக் காட்டலாம் என்பதே. வழக்குப் போடுவதற்கா இந்த வயதில் இருவரும் கடல் கடந்து உழைக்கிறீர்கள்? மனையைச் சுற்றி வேலி போட்டாகிவிட்டது, அனுபவம், அதாவது இடம் கைவசம் இருப்பது, நம்மிடம்தான் என்கிறாய். அதற்கும் சொல்கிறேன்: ஒப்பந்தத்தின் பேரில் அனுபவத்தில் இருப்பவரை வெளியேற்றாமல் காக்கும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 2001 செப்டம்பர் 24-க்குப் பின் எழுதிய ஒப்பந்தமானால் பதிவாகியிருந்தால் மட்டுமே கைகொடுக்கும்.

அலுவலகத்தில் நூறு பக்க ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, ஒரு கமா இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தாய் என்று நீ சொன்னதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! அந்தப் பெண்ணா உன் சொந்தப் பணத்துக்கு எழுதிய மூன்று தாளைப் படிக்காமல் விட்டாய்? படித்திருப்பாய், பேசத்தான் இல்லை. குடும்பத்துக்குள் பதிவு எதற்கு என்று அங்கே ஒருவர் சொல்லியிருப்பார், நீயும் தலையாட்டியிருப்பாய். சொந்தக்காரர்களுக்குள்தான் பதிவு அவசியம், அம்மா. அந்நியன் ஏமாற்றினால் வழக்கோடு போயிற்று. உறவில் நினைவு மாறிப்போனால் பண்டிகைக்குப் போக ஒரு வீடு இல்லாமல் போகும்.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், நான்கு மாதம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். உன் தாளில் உள்ள தேதிக்கு இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. தவறினால் மேலும் நான்கு மாதம் உண்டு. ஆனால் தவிர்க்க முடியாத காரணத்தைக் காட்டிப் பதிவாளரிடம் அனுமதி பெற வேண்டும், பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் கட்ட வேண்டும். ‘கேட்கச் சங்கடமாக இருந்தது’ என்பதை எந்தப் பதிவாளரும் தவிர்க்க முடியாத காரணமாக ஏற்கமாட்டார். எழுதிக்கொடுத்த மூத்தவர் நேரில் வந்து, கையெழுத்து என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லெண்ணம் உள்ளவருக்கு அது ஒரு நாள் வேலை.

இதுவரை எழுதியதெல்லாம் மாப்பிள்ளைக்கும் சேர்த்து. இனி எழுதுவது உனக்கு.

அந்தத் தாளில் வாங்குபவர் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது. முன்பணம் உன் கணக்கிலிருந்து போயிருக்கிறது, மீதிக்கு உன் வளையல்கள் போயிருக்கின்றன. வளையல் விஷயத்தை நீ சொல்லவில்லை, அம்மா கண்டுபிடித்தாள். புருஷன் பெண்டாட்டிக்குள் யார் பெயரில் இருந்தால் என்ன என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்கு உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்க உரிமையும் இல்லை. ஆனால் எழுதாததைப் பதிவு காப்பாற்றாது என்பது என் தொழில் சொல்லிக்கொடுத்தது. இப்போது இருப்பதை அப்படியே பதிந்தால், உன் பெயர் இல்லாததும் சேர்ந்தே பதிவாகும்.

ஆதலால் இந்த நான்கு மாதக் கெடுவைச் சாக்காக வைத்துக்கொள். கெடு நெருங்குகிறது, உட்பிரிவு எண்ணும் விடுபட்டிருக்கிறது, பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகவே எழுதிப் பதிந்துவிடலாம் என்று அப்பா சொல்கிறார் என்று சொல். பழி என் மேல் இருக்கட்டும். பத்திரம் எழுதுகிறவனுக்குக் குறை கண்டுபிடிக்கிற புத்தி என்று சிரித்துக்கொள்ளட்டும். புதியதில் வாங்குபவர்களாக உங்கள் இருவர் பெயரும் வரட்டும். எந்த வங்கிக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு போனது என்பதை வாசகத்திலேயே சேர்க்கச் சொல். கிரயத்துக்கு ஒரு தேதி குறிக்கச் சொல். அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள்தான் வழக்குரிமை என்பதும் நினைவிருக்கட்டும்.

நீங்கள் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், உங்களுக்காகக் கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதிச் சான்று பெற்று அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதற்கும் கெடு உண்டு, எனவே தாமதிக்காதே. பவரை என் பெயருக்கு எழுத வேண்டாம், தம்பி பெயருக்கு எழுது. அவனுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிறது.

இதற்குப் பதில் கடிதம் வேண்டாம், தொலைபேசியில் விளக்கமும் வேண்டாம். பதிவு முடிந்ததும் ஆவண எண்ணையும் ஆண்டையும் மட்டும் அனுப்பு. வில்லங்கம் நானே போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா