எதுவரை செல்லும்? பொறியியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் வெப்பப் பரிமாற்றம் கற்பிப்பவன். சமூகப் பொறுப்புப் பாடத்தையும் சில ஆண்டுகள் என் தலையில் கட்டினார்கள். வேறு யாரும் முன்வராததுதான் காரணம். அதைத் தனிப்பாடமாக வைத்திருப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இம்மடல்.

என் ஆய்வுத் துறையிலிருந்தே தொடங்குகிறேன். அறை வெப்பநிலையில் ஒரு பொருள் உமிழும் வெப்பக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் அடைகிறது. இரண்டு சிலிக்காப் பரப்புகளை 50 நானோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிறுத்தினால், அந்த இடைவெளி அலைநீளத்தில் இருநூறில் ஒரு பங்குதான். பரப்பை ஒட்டியே பிறந்து, விலகிச் செல்லும் முன் அடங்கிவிடும் அலைகள் உண்டு. அவை இப்போது எதிர்ப்பக்கத்தை எட்டிவிடும். கரும்பொருளுக்கு, அதாவது தன்மேல் விழும் கதிர்வீச்சு முழுவதையும் உறிஞ்சும் இலட்சியப் பொருளுக்கு, பாடநூல் விதிக்கும் உச்சவரம்பைப் போல நூறு மடங்குக்கும் மேல் வெப்பம் பாயும். 1971இல் இயற்பியலாளர்கள் போல்டரும் வான் ஹோவும் இதற்குக் கணக்கு எழுதினார்கள். பின்னாளில் சோதனைகளும் உறுதிசெய்தன.

அப்படியானால் அந்த உச்சவரம்புக்கு அடிப்படையான கதிர்வீச்சு விதியைத் தந்த பிளாங்க் தவறு செய்தாரா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. பொருள்களின் அளவும் அவற்றுக்கு இடையிலான இடைவெளியும் அலைநீளத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்போதுதான் தம் கணக்கு செல்லும் என்று அவரே 1906இல் வெளியான விரிவுரை நூலில் எழுதிவைத்தார். வரம்பைத் தாண்டிச் சூத்திரத்தை இழுத்தவர்கள் நாம்தான்.

இதே தவறு உயிரையும் வாங்கியிருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்டது. அதற்கு முந்தைய ஏவுதல்களில், உந்துகல மூட்டுகளில் வாயு கசியாமல் அடைக்கும் இரப்பர் வளையங்களின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதில்லை. அன்று காலைக் காற்றோ சுமார் 2 டிகிரி. குளிரில் வளையம் விறைத்துவிடும் என்று முந்தைய இரவே பொறியாளர்கள் எச்சரித்தார்கள். நிர்வாகம் அதை ஒதுக்கியது. விண்கலம் சிதறி, அதிலிருந்த ஏழு பேர் இறந்தார்கள். நாமோ இதை நெறிமுறை வகுப்பில் சோகக் கதையாகச் சொல்கிறோம், இரப்பரின் இயல்பை வேறொரு வகுப்பில் நடத்துகிறோம். இரண்டும் ஒரே கேள்வி என்பதை மாணவர் எங்கே அறிவார்?

தனிப்பாடத்தால் மனம் மாறிவிடும் என்பவர்கள் சமூகவியலாளர் எரின் செக் 2014இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கட்டும். அமெரிக்காவின் நான்கு பொறியியல் கல்வி நிலையங்களில், பொதுநலனில் மாணவர்களுக்கு இருந்த அக்கறை படிப்பு முன்னேற முன்னேறக் குறைந்ததை அவர் கண்டார். நுழையும்போது இருந்ததை நாம் கரைத்து அனுப்புகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு ஆய்வேட்டிலும் ஒரு பக்கம் கட்டாயமாகட்டும்: இம்முடிவு எந்த அளவில், எந்த வெப்பநிலையில், எந்தப் பயன்பாட்டில் செல்லாது, தாண்டினால் பாதிக்கப்படுபவர் யார். நானோ இடைவெளியை அளப்பவருக்கும் பாலம் கட்டுபவருக்கும் இது பொது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்தே வரட்டும், அதற்கு மதிப்பெண்ணும் இருக்கட்டும். மதிப்பெண் இல்லாததை யாரும் படிப்பதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அப்பக்கம் வெறுமையாக இருந்தால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள். என் மாணவர்களுடையதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வெப்பப் பரிமாற்ற ஆசிரியர் ஒருவர்