எத்தனை எஞ்சினில் கவச் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரயில் மோதினால் உடனே ஓட்டுநர் சிக்னலைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் ஆந்திராவின் விஜயநகரம் அருகே ஒரு பயணிகள் ரயில் இன்னொன்றின் பின்னால் மோதியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். ராத்திரி வேலையில் மனிதன் தவறத்தான் செய்வான், அதற்காகத்தானே ரயில்கள் மோதாமல் தடுக்கும் கவச் கருவி. தண்டவாளத்திலுள்ள, இடத்தைக் காட்டும் ஆர்எஃப்ஐடி என்ற மின்னணுப் பட்டையை எஞ்சின் படித்து, நிலையத்தோடு ரேடியோவில் தொடர்புகொண்டு, சிவப்பைத் தாண்டப் போனாலோ வேகம் மீறினாலோ தானே பிரேக் போட்டுவிடும். ஆனால் பாதை, நிலையம், எஞ்சின் மூன்றிலும் கருவி இருந்தால்தான் இது நடக்கும். இத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்று மட்டும் ரயில்வே சொன்னால் போதாது, அந்தப் பாதையில் ஓடும் எஞ்சின்களில், சரக்கு எஞ்சின்கள் உட்பட, எத்தனையில் பொருத்தியிருக்கிறார்கள் என்பதையும் மாதாமாதம் வெளியிட வேண்டும்.

ஒரு ரயில் பயணி,
அரக்கோணம்