முட்டைக்குவியலை எண்ணுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வனப் பூச்சிக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். புழுவாக இருக்கும்போது மரத்தின் இலையைத் தின்று மொட்டையடிக்கும் ஸ்பாஞ்சி மாத் என்ற அந்துப்பூச்சியின் கணக்கெடுப்புப் படிவங்களின் ஓரத்தில் மரத்தின் வகையையும் முட்டைக்குவியலின் நீளத்தையும் எழுதி அனுப்பியிருந்தோம். அவற்றைச் சிவப்பு மையால் அடித்து, 'தேவையற்ற தகவல்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் படிவத்திலேயே இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்தப் பூச்சி சிறகு முளைத்தபின் எதையும் தின்பதில்லை. புழுவாக இருந்தபோது தின்ற இலைதான் முட்டையாகிறது. ஓக் இலையை வயிறாரத் தின்ற புழு கனத்த கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து வரும் பெண்பூச்சியின் ஒரே குவியலில் 1,000 முட்டைகள்கூட இருக்கலாம். இலை போதாமல் அரை வயிற்றோடு கூடு கட்டியதென்றால் 100, 200 தேறினாலே பெரிது.

இலையுதிர்ந்த குளிரில், விரல் மரத்துப்போக, பட்டை இடுக்கிலும் கிளையின் அடிப்புறத்திலும் டார்ச் அடித்துத் தேடுகிறோம். ஒரு மரத்தில் கட்டைவிரல் நீளத்துக்குப் பழுப்பு மயிர் போர்த்திய குவியல் இருக்கும். அடுத்த மரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று. உங்கள் படிவத்தில் அதுவும் 1, இதுவும் 1. பெரிய குவியல் என்றால் பூச்சி பெருகுகிறது; சிறியவையே மிகுந்திருந்தால் அது பெரும்பாலும் தளர்ந்து சரியப்போகிறது. புழு மொட்டையடித்த சிவப்பு ஓக்கின் இலையில் டானின் போன்ற பீனாலிக் பொருள்கள் (மரத்தின் துவர்ப்பான தற்காப்பு வேதிப்பொருள்கள்) கூடுவதையும், அதைத் தின்ற புழுவின் முட்டை குறைவதையும் காட்டிய ஆய்வு 1988இலேயே வந்துவிட்டது. அதே டானின் புழுவைக் கொல்லும் வைரஸையும் மட்டுப்படுத்துகிறது என்பது இன்னொரு சிக்கல். மரம் எதுவென்று எழுதாமல் இதையெல்லாம் எப்படிக் கணிப்பீர்கள்?

நடந்தது என்ன? நகம் அளவுக் குவியல்கள் மொய்த்திருந்த, தானே அடங்கவிருந்த பகுதிக்கு பி.டி. என்ற, புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா மருந்து தெளித்தீர்கள். அங்கிருந்த வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் சேர்ந்து செத்தன. எண்ணிக்கை குறைவு என்று விட்டுவிட்ட ஓக் தோப்பு கோடையில் மொட்டையாக நின்றது.

படிவத்தில் வண்டி எண், புறப்பட்ட கிலோமீட்டர், திரும்பிய கிலோமீட்டர், மேற்பார்வையாளர் கையொப்பம் (இரண்டு இடத்தில்) எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. வண்டி எவ்வளவு டீசல் குடித்தது என்பதில் இருக்கும் அக்கறை, புழு எதைத் தின்றது என்பதில் இல்லை. ஒரு பூச்சியை ஒழிப்பதாகச் சொல்லும் அலுவலகம் இது!

சரி, கோபத்தை ஓரமாக வைக்கிறோம். பணிவாகக் கேட்பது இவ்வளவுதான்: மர வகைக்கு ஒரு கட்டம், குவியலின் நீளத்துக்கு ஒரு கட்டம். இந்த இலையுதிர் காலக் கணக்கெடுப்புக்குப் படிவம் அச்சாகும் முன் இதைச் சேர்த்துவிடுங்கள். அதுவரை ஓரத்தில் எழுதுவதை அடிக்காமலாவது இருங்கள். திருப்பி அனுப்பிய படிவங்களை, அடித்ததை மறுபடி எழுதி இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
களக் கணக்கெடுப்பாளர்கள்