உப்பளப் படமும் விஸ்காம் வகுப்பும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்லூரியின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையில் பாடம் நடத்த ஒப்பந்த வேலை கிடைத்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. யார் கையையும் எதிர்பார்க்காமல் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய உன் ஆவணப்படத்தை உன் போக்கில் முடிக்கலாம். கையெழுத்துப் போடுமுன் விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேள். பணிக்காலத்தில் நீ எடுக்கும் படத்தின் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் வாங்கு. கல்லூரிக் கேமராவில் ஒரு ஷாட் எடுத்தாலும் பின்னால் பேச்சு வரும். வாடகைக் கேமராவே நல்லது.

பருவம் உனக்குச் சாதகம்தான். தேர்வு முடியும் மே மாதத்தில் உப்பு வாருவது மும்முரமாக இருக்கும். விடைத்தாள் திருத்தத்தை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்பு. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி மூழ்கிவிடும். வேலையில்லாத அந்த நாட்களும் படத்துக்கு வேண்டும், அவற்றைச் சனி ஞாயிறில் எடுத்துக்கொள்.

உப்பளத்தில் ஆட்டோ எக்ஸ்போஷரை, அதாவது கேமரா தானே வெளிச்ச அளவை முடிவு செய்வதை, நம்பாதே. வெள்ளைக் குவியல் ஃபிரேமில் பாதியை அடைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உப்பு சாம்பல் நிறமாகும், முகம் இருண்டுபோகும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வை, உப்பு வெளுத்துப்போகாமல் ஜீப்ராவை (வெளிச்சம் மிகுந்த இடத்தில் கேமராத் திரை காட்டும் கோடுகளை) பார்த்துக்கொள். நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/50 நொடி. உச்சி வெயிலிலும் அதை மாற்றாமல் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் போடு. கடற்காற்றுக்கு ஃபோம் உறை தாங்காது, மைக்குக்கு ரோம உறை வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிட ஒலியைப் பதிவு செய். அது இல்லாவிட்டால் எடிட்டில் ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும். அளத்தில் நின்று லென்ஸ் மாற்றாதே. இரவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ட்ரைபாடைத் துடைத்து உலர்த்து. உப்பு படிந்தால் திருகு இறுகிவிடும்.

100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். 40 மணி நேரம் எடுத்தால் 1.8 டிபி. மூன்று பிரதி எடு, ஒன்று நம் வீட்டில் இருக்கட்டும். பிரதியைத் திறந்து பார்க்கும்வரை கார்டை அழிக்காதே.

மாணவர்களைச் சம்பளமில்லாத உதவியாளர்களாக்கிவிடாதே, பாப்பா. மதிப்பெண் போடுபவர் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. அதற்குப் பதில் ரஷ்ஸை, அதாவது வெட்டாத மூலப் பதிவுகளை, வகுப்புக்குக் கொண்டுபோ. ஐந்து நிமிடத் துண்டு ஒன்றைக் கொடுத்து, ஆளுக்கொரு விதமாக ஒரு நிமிடத்துக்கு வெட்டச் சொல். முடிந்த படம் மறைத்துவிடும் குறைகளெல்லாம் ரஷ்ஸில் அப்படியே தெரியும். தொழிலாளர்களிடம் வாங்கும் சம்மதப் படிவத்தில் வகுப்பில் காட்டவும் அனுமதி கேட்டுவிடு. பாடம் நடத்தப் போவதை இறங்குமுகம் என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக்கொள்ளாதே. 1960களில் புனே திரைப்படக் கல்லூரியில் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் பாடம் நடத்தினார்; அவரிடம் படித்த மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம்தான், 1986இல் வந்த தன் படத்துக்கு ஊர் ஊராக மக்களிடம் காசு திரட்டினார்.

பேட்டியின்போது பின்னால் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடினால் அணைக்கச் சொல். இல்லாவிட்டால் உரிமை வாங்க அலைய வேண்டும். படம் முடிந்த வேகத்தில் யூடியூபில் ஏற்றாதே. இணையத்தில் வந்துவிட்ட படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை. தியேட்டரில் திரையிட சென்சார் சான்றிதழ் வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்கு.

ஒலிக்கலவைக்கு வேண்டிய பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கேமரா வாடகைக்கு அதைத் தொடாதே.

அப்பா