ஒரே பேனாவில் ஐந்து மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தொண்டு நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பு உன் தலையில் விழுந்துவிட்டது என்று முன்பே காதில் விழுந்தது, நீயே எழுதட்டும் என்று இருந்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் நர்சிங் மூன்றாம் வருஷம். எனக்கு முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது, மாடிப்படியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் களப்பணியாளர் பெண் எழுதிய மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஐந்து மாதத் தீர்மான நோட்டும் ஒரே பேனா, ஒரே மை. எல்லாம் ஒரே உட்காரலில் எழுதியது, இந்தப் பெண்ணை நிறுத்திவிடட்டுமா என்கிறாய். முதலில் அந்தக் குழுக்களின் பேங்க் பாஸ்புக்கையும் சேமிப்புப் பேரேட்டையும் எதிரெதிரே வைத்துப் பார். உறுப்பினர்கள் கையில் இருக்கும் தனிப் பாஸ்புக்கில் நாலைந்தையும் வாங்கிப் பார். பணக் கணக்கு சரியாக இருந்தால் இது கூட்டத்துக்குப் போகாத கதை. பணம் இடித்தால் அது வேறு கதை, அதற்கு வேறு வழி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

பணம் சரி என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணுக்கு 24 குழு என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு குழுவுக்கும் வாரம் ஒரு கூட்டம். குழுப் பெண்கள் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்வந்து, அடுப்பு வேலை முடித்து உட்கார ராத்திரி ஏழு மணியாவது ஆகும். வாரத்துக்கு ஏழு ராத்திரிதானே இருக்கிறது? ஒரு ராத்திரிக்கு ஒரு ஊர், பக்கத்துத் தெருவில் இன்னொரு குழு இருந்தால் இரண்டு. கடைசி பஸ்ஸோ எட்டரைக்கு. ஒருத்திக்கு இத்தனை குழு என்று திட்ட ப்ரொபோசலை எழுதியவர் நத்தம் பக்கம் ஒருநாளும் பஸ் ஏறியதில்லை போலிருக்கிறது.

பொய் எழுதியது சரி என்று நான் சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேள், எழுத்தில் விளக்கம் வாங்கு. மாதாந்திர மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நோட்டைத் தூக்கிக் காட்டாதே. அன்றைக்கே மற்றவர்கள் நாலு கலரில் பேனா வாங்கிவிடுவார்கள்! குழு எண்ணிக்கையைப் பாதியாக்கு, அல்லது வாரக் கூட்டத்தை மாதம் இருமுறையாக்க ஃபண்டிங் கொடுப்பவரிடம் பேசு. அதற்குப் பிறகும் அப்படியே எழுதினாள் என்றால் நிறுத்து, நான் தடுக்க மாட்டேன்.

இப்போது மேற்பார்வை என்றாலே எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் போட்டோ என்றாகிவிட்டது. பேனரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பெண்கள் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், கூட்டம் நடந்த மாதிரி. நீ அப்படிச் செய்யாதே. முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒருநாள் முழுக்க அவளோடு போ. அவள் ஏறும் பஸ்ஸில் ஏறு, பின்வரிசையில் உட்கார், கூட்டத்தில் வாய் திறக்காதே. எந்த ஊரில் மழைக்கு ஒதுங்க இடமில்லை, எந்த ஊரில் தலைவியின் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து கத்துகிறார், எந்தத் தெருவில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பதெல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அவளே சொல்வாள்.

போக்குவரத்துப் படி (டி.ஏ.) விஷயத்தில் உன் கணக்காளர் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், அதனால் போக்குவரத்துப் படியைக் குறைக்கலாமாம். டவுன் பஸ் போகாத ஊருக்குத்தானே நாம் ஆள் வைத்திருக்கிறோம்? ஷேர் ஆட்டோக்காரர் இலவசமாகவா ஏற்றுவார்?

பணம் இல்லை என்கிறாய். தெரியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) வழியாக வரும் பணத்தில் நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கிவிட்டது. மேற்பார்வைக்கு ஆள் போட்டால் அந்த 20க்குள்தான் பெரும்பாலும் அடைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) கொடுக்கும் கம்பெனிக்காரர் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் முடியாது என்றால் தலையாட்டிவிட்டு வராதே. 2021 விதியில் உள்ள அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தத் தானே செய்யும் பொதுச் செலவுக்கு. வேலையைச் செய்யும் நிறுவனத்தின் செலவுக்கு அந்த வரம்பு இல்லை. அதே வருஷம் ஆகஸ்டில் கம்பெனி விவகார அமைச்சகம் கேள்வி பதிலாகவே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. நிறையப் பேர் படிப்பதில்லை, அல்லது படித்தும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள்.

"நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதே. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நாம் பார்க்காததா? பெரிய நிறுவனங்கள் வந்து இரட்டைச் சம்பளம் கொடுத்து உள்ளூர் ஆட்களை இழுத்தன. புராஜெக்ட் முடிந்ததும் ஜீப்போடு கிளம்பிவிட்டன. நம்மோடு இருந்தவர்கள் கையில் பணி நியமன ஆணைகூட இல்லை, பி.எஃப். எண்ணும் இல்லை. குடும்பம் என்று சொன்னவர்கள்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வந்துவிடக் கூடாது என்று 11 மாத ஒப்பந்தம் போட்டார்கள். உன்னிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 20 பேர் என்றால் பி.எஃப். கட்டாயம். 10 பேர் ஆனாலே பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். களத்தில் ஊர்க்காரர் ஒருவர் தொல்லை கொடுத்தாலும் அவள் உன்னிடம் வந்து சொல்ல இடம் வேண்டும், அதைக் காகிதத்தில் மட்டும் வைத்துவிடாதே. மார்ச் 31க்கு ஃபண்டிங் முடிந்து ஜூனில்தான் அடுத்தது வரும் என்றால் அதை ஜனவரியிலேயே ஊழியர்களிடம் சொல்லிவிடு. ஏப்ரல் பிறந்த பிறகு சம்பளம் வருமா வராதா என்று டீக்கடையில் பேச விடாதே.

அடுத்த வருஷ பட்ஜெட் எழுதும்போது எனக்கு அனுப்பு, மேற்பார்வைச் செலவை எங்கே எப்படிப் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். சின்னவளுக்கு திண்டுக்கல்லில் பயிற்சி கிடைக்கும் போலிருக்கிறது. பெரியாஸ்பத்திரி பக்கம் லேடீஸ் ஹாஸ்டல் வாடகை என்ன நிலவரம் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் தோழி