டிட்ச்லிங் பீக்கன் மேட்டில் என் காலைப் பிடித்த அம்மாவுக்கு

என் அப்பாவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட இல்லத்துக்கு நிதி திரட்ட, தெற்கு இங்கிலாந்தில் வின்செஸ்டரில் இருந்து ஈஸ்ட்போர்ன் வரை சவுத் டவுன்ஸ் வே என்ற நடைபாதையில் 160 கிலோமீட்டர் நடந்தேன். ஆறாம் நாள் நல்ல மழை. அந்தச் சுண்ணாம்பு மண் நனைந்தால் சோப்பு போட்ட தரை மாதிரி வழுக்கும். 248 மீட்டர் உயர டிட்ச்லிங் பீக்கனில் குதிகால் கொப்புளம் உடைந்து, ஓரடி எடுத்துவைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நாயோடு வந்தீர்கள். என்ன, ஏது என்றுகூடக் கேட்கவில்லை. ஈரப் புல்லில் மண்டியிட்டு, சேறும் ரத்தமுமாக இருந்த காலை உங்கள் மடியில் வைத்துத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, உங்கள் பையிலிருந்த கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டீர்கள். குதிகால் நகராதபடி லேஸை இறுக்கிக் கட்டினீர்கள். அப்புறம் பிளாஸ்க் மூடியில் சூடாக டீ. உங்கள் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை அம்மா.

அதிலிருந்து மூன்றாம் நாள் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளைத் தாண்டி ஈஸ்ட்போர்ன் சேர்ந்தேன். காலுறையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

பிரைட்டன், லூயிஸ் பக்கம் இருக்கும் நண்பர்களே, அவரைத் தெரிந்தால் இதைப் படித்துச் சொல்லுங்கள். நேரில் வந்து கொடுக்க ஆசை.