கடலூரிலிருந்து பாப்பாவுக்கு

கடலூர்,
நவம்பர் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை தொடங்கியதிலிருந்து ஆயாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. வாய் மட்டும் குறையவில்லை.

நாமக்கல்லில் உங்கள் நீட் பயிற்சி விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் தருகிறார்கள். அதிலும் உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. கடிதம் வந்தால் வார்டன் உடனே கொடுத்துவிடுவார் என்று நீதானே சொன்னாய். நைட் டூட்டியில், வார்டு அடங்கியிருக்கிற நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். கேஸ் ஷீட் எழுதி எழுதிக் கையெழுத்து கெட்டுவிட்டது, பொறுமையாகப் படி.

போன ஞாயிறு நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "2024 நீட்டில் 520 எடுத்தேன். ஒரு வருஷம் பணம் கட்டிப் படித்து 2025-இல் 455 எடுத்தேன். படிக்கப் படிக்கக் குறைகிறதே அம்மா" என்றாய். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் அப்பாவும் நானும் உன் இரண்டு வருஷத்து மார்க் ஷீட்டையும் எடுத்து மேசை மேல் பரப்பி உட்கார்ந்தோம்.

2024 எப்படிப்பட்ட வருஷம் என்று உனக்கே தெரியும். முதலில் 67 பேருக்கு 720-க்கு 720 என்றார்கள், வழக்கு நடந்து திருத்திய பிறகும் 17 பேர் முழு மார்க். 200 கேள்வியில் 180 எழுதினால் போதும், நேரமும் 3 மணி 20 நிமிடம். 2025-இல் அந்தச் சலுகை போய்விட்டது. 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். இயற்பியல் தாளைப் பார்த்து வாத்தியார்களே தலையில் கை வைத்தார்கள். நாட்டிலேயே முதலிடம் வந்தவருக்கு 686தான். இந்த இரண்டு வருஷத்து மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ரேங்க்கைப் பார். 455-க்கு உனக்கு வந்த ரேங்க், 520-க்கு வந்ததைவிட நன்றாகவே முன்னால் இருக்கிறது. நீ போன வருஷம் படித்தது வீணாகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதற்காக நான் எதையும் பூசி மெழுகவில்லை. சீட் கிடைக்கவில்லை, அது உண்மை. ஏன் கிடைக்கவில்லை என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. உயிரியலில் உனக்குக் குறையே இல்லை. வேதியியல் சுமார். இயற்பியலில் 45-இல் 24 தப்பு. ஆனால் அந்த 24-இல் பாதிக்கு மேல் மின்னியல், காந்தவியல், ஒளியியல் என்று ஒரே பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. எல்லாப் பாடத்திலும் பரவலாக ஓட்டை இருந்திருந்தால் எனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். இது அப்படி இல்லை. ஆறேழு பாடம். மே மாதத்துக்குள் ஆறேழு பாடத்தைச் சரிசெய்ய முடியாதா என்ன? உன் இயற்பியல் சாரிடம் இதை அப்படியே சொல். வாராவாரம் முழுத் தேர்வு வைப்பதைவிட அந்த ஏழு பாடத்தை முதலில் நடத்தச் சொல்லிக் கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே, பணம் கட்டியிருக்கிறோம்.

இந்த மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நீ பயந்து தீபாவளிக்குக்கூட வராமல் இருந்தாயே, அதே கேள்விதான். "பொண்ணு இன்னுமா படிக்குது?" சாப்பாட்டு வரிசையில் ஒரு அம்மா இன்னொரு படி மேலே போய், "பேசாமல் நர்சிங்கில் சேர்த்துவிடு, டாக்டர் ஆகாவிட்டால் நர்ஸாவது ஆகட்டும்" என்றார். எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் வேறு எதுவும் கிடைக்காமல் நர்ஸ் வேலைக்கு வந்தவள் இல்லை. கேட்டு வாங்கி வந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி வருகிறவரை முதலில் தொடுகிற கை யாருடையது? நீ ஒருநாள் நர்சிங் படிக்கிறேன் என்று விரும்பி வந்து நின்றால் நான் சந்தோஷமாகச் சேர்ப்பேன். எம்.பி.பி.எஸ். கிடைக்காததற்கு ஆறுதல் பரிசாக மட்டும் அதைப் பார்க்காதே. நோயாளிக்கும் அது நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை. சரி, அந்த அம்மாவை விடு. பாயசம் நன்றாக இருந்தது.

ஆயா இன்னொரு பக்கம் ஆரம்பித்துவிட்டாள். "முள்ளோடைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி எல்லைக்குள் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தால் பிள்ளைக்கு ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் புதுச்சேரிக்காரர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கும்" என்று தினமும் ஒரு பாட்டு. உன்னை ஆறாம் வகுப்பில் உதவிபெறும் பள்ளியில் சேர்த்ததும் இப்போது குற்றப் பட்டியலில் வந்துவிட்டது. 2020-இல் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தபோது அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார்கள் அல்லவா, அதனால். குழந்தை பிறந்ததும் பின்னால் வரப்போகிற அரசாணையையெல்லாம் படித்துவிட்டு யாராவது வீடு கட்டுவார்களா? நான் பிளஸ் டூ முடித்தபோது தமிழ்நாட்டில் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 1984-இல் வந்தது, 2007-இல் எடுத்தார்கள். அப்புறம் பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்தான். 2017-இலிருந்து நீட். ஜிப்மர் 2019 வரை தானாக ஒரு தேர்வு நடத்தியது. முறை மாறும்போதெல்லாம் உள்ளே போகிறவர்களும் வெளியே நிற்கிறவர்களும் கொஞ்சம் மாறுகிறார்கள். வெளியே நிற்பதாலேயே ஒரு பிள்ளை மக்கு ஆகிவிடாது. இதை உனக்காகச் சொல்லவில்லை, வருஷா வருஷம் பார்த்ததைச் சொல்கிறேன்.

வயதைப் பற்றியும் கவலைப்படுகிறாய் என்று அப்பா சொன்னார். நீட் எழுத இருந்த மேல் வயது வரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள். உனக்கு வயது 19. எங்கள் வார்டுக்கு வருகிற டாக்டர் ஒருவர் வேறு வேலை பார்த்துவிட்டு அப்புறம் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர். அவரிடம் எந்த நோயாளியும் எந்த வருஷம் பிளஸ் டூ முடித்தீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

நியூ ஜெர்சியில் சித்தப்பா மகள் இருக்கிறாளே, உன் அக்கா, அவளும் இப்போது உன்னைப் போலத்தான். அங்கே பெரும்பாலும் நான்கு வருஷம் ஒரு டிகிரி முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரியிலேயே சேர முடியும். அதற்கும் மேல் ஒன்றிரண்டு வருஷம் இடைவெளி விட்டுச் சேர்கிறவர்கள் பாதிக்கும் மேல். இவள் ஒரு கிளினிக்கில் டாக்டர் பின்னாலேயே நின்று, அவர் சொல்வதைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். ராத்திரி உட்கார்ந்து எம்கேட் என்கிற அந்த ஊர் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். வயது 24. அங்கே அதை யாரும் குறையாகப் பேசுவதில்லையாம். இருந்தாலும் அவளும் அவ்வப்போது போன் போட்டு சித்தியிடம் அழுகிறாள் என்பது வேறு விஷயம். ஒன்று மட்டும் அவளிடம் எனக்குப் பிடித்திருக்கிறது. காத்திருக்கிற வருஷத்தில் காத்திருப்பதை மட்டும் செய்யவில்லை. உனக்கு அந்த வசதி இல்லை. நம் ஊர் முறை உன்னை ஒரு அறைக்குள் பூட்டி, காலை ஐந்து மணிக்கு எழுப்பி, மே மாதத்து ஒரு மத்தியானத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறது. இரண்டிலிருந்து ஐந்து மணி வரை நடக்கிற ஒரு தேர்வின் தலையில் ஒரு வருஷம் முழுவதையும் தூக்கி வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும்.

பண்ருட்டிப் பக்கம் தாத்தாவின் கொல்லை உனக்கு நினைவிருக்கிறதா? 2011 டிசம்பர் 30, தானே புயல். உனக்கு அப்போது ஐந்து வயது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா ஒட்டுக் கன்று வாங்கி நட்டார். முந்திரி காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம், பலாவுக்கு இன்னும் கூட ஆகும். அத்தனை வருஷமும் திண்ணையில் உட்கார்ந்து கன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். வரிசைக்கு நடுவில் மல்லாட்டை போட்டார். ஒரு பருவம் உளுந்து. அந்தக் காசில்தான் வீடும் நடந்தது, கன்றுக்கு எருவும் வாங்கினார். மனுஷனுக்குக் கையில் எடுத்துப் பார்க்க அவ்வப்போது ஏதாவது விளைய வேண்டும்.

உனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைக்கிறேன். பெரிதாக எதுவும் இல்லை, வாரத்துக்குள் தொடங்கி வாரத்துக்குள் முடிகிற மாதிரி. உன் அறையில் தருமபுரிப் பிள்ளை மரபியல் புரியாமல் அழுதாள், நீ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாய் என்றாயே. அதைச் சொல்லும்போது உன் குரல் வேறு மாதிரி இருந்தது. நான் கவனித்தேன். அதை விடாதே. சனிக்கிழமை ராத்திரி அரை மணி நேரம், ஒரு பாடம், அவளுக்குச் சொல்லிக் கொடு. பதிலுக்கு அவள் இயற்பியலில் கெட்டிக்காரி என்றால் உனக்கும் லாபம். மாடல் டெஸ்ட்டில் என்ன மார்க் வந்தாலும், அந்த வாரம் அவளுக்கு ஒன்று புரிந்தது என்பது உன் கணக்கில் இருக்கும். அதை எந்த நெகட்டிவ் மார்க்கும் குறைக்காது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் ஜெராக்ஸ் கடையில் கவுன்சலிங் நேரத்தில் என்ன கூட்டம் என்று உனக்குத் தெரியும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, மார்க் ஷீட் எல்லாம் ஐந்தைந்து நகல். இந்த வருஷம் வந்தவர்களில் மூன்றாவது முறை எழுதிச் சீட் வாங்கிய பையன் ஒருவன் இருந்தான். அதே நாளில், போன வருஷம் நீட்டுக்காக வந்துபோன ஒரு பெண், இந்த வருஷம் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்து நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுப் போனாளாம். அப்பா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எது நல்ல முடிவு என்று அவர் எதுவும் சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே அவரை.

மேக்கு அப்புறம் என்ன என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுவோம். பயத்தில் பாதி அது தெரியாததால் வருவது. முடிவு வந்த ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டோம், ஆயா உட்பட. அவளிடம் சத்தியம் வாங்கியாகிவிட்டது. கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பம் போட்டு வைப்போம், மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்தான் பார்க்கிறார்கள், உன் மார்க் நன்றாகவே இருக்கிறது. தெரு நாய்க்குப் புண் கழுவி மருந்து போட்டவள்தானே நீ. நான்காவது முறை எழுதுவதா வேண்டாமா என்பதை நீ வீட்டுக்கு வந்து, நன்றாகத் தூங்கி எழுந்து முடிவு செய். எது சொன்னாலும் அப்பாவும் நானும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

கடைசியாக ஒன்று. இதை நர்ஸாகச் சொல்கிறேன், கவனமாகக் கேள். ராத்திரியில் மனது ரொம்ப இருட்டிப் போனால், இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தால்கூட, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருக்காதே. மணி என்ன ஆனாலும் வார்டனை எழுப்பி எனக்குப் போன் போடச் சொல். 104-க்கு அடித்தாலும் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள், 14416 என்று டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் உண்டு. இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை, தருமபுரிப் பிள்ளைக்கும் கொடு. அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. கட்டிய பணம் போனால் போகட்டும். வீட்டிலிருந்தும் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அப்பா நாமக்கல் வருகிறார். வறுத்த முந்திரி, பருப்புப் பொடி, இரண்டு பருத்திச் சுடிதார் கொடுத்தனுப்புகிறேன். விடுதியில் கொசுவத்தி கொளுத்த விடுவார்களா, இல்லை வலை வாங்கி அனுப்பட்டுமா என்று இந்த ஞாயிறு சொல். உன் இயற்பியல் சார் சனிக்கிழமை மத்தியானம் அப்பாவைப் பார்க்கப் பத்து நிமிடம் தருவாரா என்றும் கேட்டு வை. அந்த ஏழு பாடத்தின் பட்டியலை அப்பா கையோடு எடுத்து வருகிறார்.

அன்புடன்,
அம்மா